வெள்ளித்தாளும் உருகிப் பெட்டியும்

வாரந்தோறும் இப்பத்தியிலே பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் செலவு, ஊர் வழமைகள் என்றிவ்வாறு ஏதேனுமொன்றைப் பற்றி எழுதிவரும் நாம், இன்று வெற்றிலைப் பெட்டியிலும் சிறியதான ஒரு பெட்டியைப் பற்றி எழுதப் புகுகின்றோம். மோட்டார்ச் சைக்கிளின் இருக்கைக்கு அடியிலே, எவர் கண்ணிலும் படாமற் கிடக்கும் பியூஸ் பெட்டியே அது. பியூஸைப் பாடநூல்கள் ‘உருகி’ என்று அழகாக வழங்கும். கல்லூரியிலே தமிழ் கற்பிக்கும் எமக்கும் உருகிக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவக்கூடும். உறவு உண்டு. கடந்த மார்கழி மாரியின் ஓரிரவிலே, நடுத்தெருவில், சற்றுச் சூடாகவே ஏற்பட்ட உறவு அது.

எமது வண்டி பழைய ஹொண்டா சீ.டி. 200. எம் தந்தையார் தபாலதிபராயிருந்த காலத்தில், 1985 ஆம் ஆண்டளவில் வாங்கியது. அந்நாளிலே தோப்பூரிலிருந்து தரை வழியாகத் திருகோணமலைக்குப் போவதென்றால் ஆறுகளையும் களப்பு வாய்களையும் ‘பாதை’யிலேறிக் கடக்க வேண்டும். மிதவையைப் பாதை என்று அழைப்பது எம் பகுதி வழக்கு. கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே திறக்கப்படும் வரை, பாதைக்குக் காத்திருப்பதே பயணத்தின் பெரும் பகுதியாயிருந்தது. அவ்வாறு காத்து நின்ற வேளைகளிலெல்லாம் கொட்டியாரக் குடாவின் உப்புக் காற்றை எமது வண்டி தாராளமாக உண்டிருக்கிறது. 2006 ஆம் ஆண்டு ஓகஸ்டிலே மூதூர்ப் பகுதி மக்கள் வீடு வாசல் துறந்து வெளியேற நேர்ந்தபோது, தந்தையார் அதனை வைக்கோற் போருக்குள் மறைத்து வைத்துவிட்டுப் புறப்பட்டார். திரும்பி வந்தபோது வீட்டுக் கூரையைக் காணவில்லை. வண்டி அப்படியே இருந்தது. ஆகவே எம் வீட்டில் அதனை இரும்பென்று எவரும் கருதுவதில்லை.

பாசம் ஒருபுறமிருக்க, வேறொரு காரணமும் உண்டு. 2020 ஆம் ஆண்டு நம் நாட்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான். அவ்வைந்து ஆண்டுகளிலும் பழைய வண்டி வைத்திருந்தோர் அதனைப் பழுதுபார்த்து ஓடினார்கள். இல்லாதவர் பழைய வண்டியையே தேடி, புதியதன் விலைக்கு வாங்கினார்கள். இன்று எம்மூர்த் தெருக்களிலே ஓடும் வண்டிகளிற் பல, அவற்றை ஓட்டும் இளைஞர்களிலும் மூத்தவை. எனவே இக்கட்டுரை எமது வண்டியை மாத்திரம் பற்றியதன்று.

இனி நடந்ததைக் கூறுவோம்.

ஐப்பசி மாதத்தில் எமது வண்டியின் உருகி அடிக்கடி போகத் தொடங்கியது. முதன்முறை கல்லூரி வாயிலிலே எஞ்சின் நின்றது. விளக்கில்லை, ஹோன் இல்லை. பக்கமூடியைத் திறந்து, கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த மெல்லிய கம்பி உருகிப்போயிருக்கக் கண்டு, புதியதொன்று போட்டோம். நான்கு நாளின் பின் எம் வீட்டு ஒழுங்கையில் திரும்பும்போது அதுவும் போயிற்று. மூன்றாவது தோப்பூர்ச் சந்தியிலே போயிற்று. அப்பொழுது இருட்டிவிட்டது, கடைகள் பூட்டப்பட்டிருந்தன, கைவசம் வேறு உருகி இல்லை. சட்டைப் பையைத் துழாவியபோது, காலையில் எம் மகள் தின்றுவிட்டு எம்மிடம் தந்திருந்த சொக்கிலேற்றின் வெள்ளித்தாள் அகப்பட்டது. எரிந்த உருகியை அத்தாளினாற் சுற்றி, பிடிக்குள் அழுத்தினோம். சாவியைத் திருப்ப, எல்லா விளக்குகளும் ஒளிர்ந்தன. பட்டம் பெற்ற நாளிலே அடைந்த மகிழ்ச்சிக்குச் சற்றும் குறையாத மகிழ்ச்சியோடு வீடு சேர்ந்தோம்.

அதன் பின்னர் உருகி போகவேயில்லை. போகாதபடியால் அதைப் பற்றி நாம் நினைக்கவுமில்லை. வெள்ளித்தாள் இரண்டு மாதம் அங்கேயே இருந்தது.

மார்கழியில் ஒரு நாள், இரவு ஒன்பது மணி இருக்கும். மகளுக்கு இளைப்பு வந்துவிட்டது. மூச்சு இழுக்கும் ஒலி அடுத்த அறைக்குக் கேட்டது. மழை சற்று ஓய்ந்த வேளையாகப் பார்த்து, பிள்ளையை எமக்கும் இல்லாளுக்கும் நடுவில் இருத்திக்கொண்டு மூதூரை நோக்கிப் புறப்பட்டோம். இருபுறமும் வயல், வீடுகளில்லாத இடம். யானை இறங்கும் பகுதியாதலால் மெதுவாகவும் போக மனமில்லை. வளைவொன்றில் வலப்புறம் திரும்பிய கணத்தில் எஞ்சின் அடைத்தது, முன்விளக்கு அணைந்தது. பின்னாலிருந்து, “இஞ்ச பாருங்க, என்னவோ எரியிற மணம்!” என்ற குரல் கேட்டது. பெற்றோற் தாங்கியின் அடியிலிருந்து வெண்புகை எழுந்துகொண்டிருந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருவரும் தெருவின் மறுபக்கத்துக்கு ஓடினார்கள். நாம் பெற்றோற் குழாயை அடைத்துவிட்டு, இருட்டிலே பற்றரியின் வயரைத் தேடித் தடவிக்கொண்டிருந்தோம். விரல் சுட்டதேயன்றி வயர் கழரவில்லை. அரை நிமிடம் கழிந்திருக்கும். புகை தானாகவே நின்றது. ஏன் நின்றதென்று அப்பொழுது எமக்கு விளங்கவில்லை. அந்த இருளிலே, பிள்ளையின் இளைப்பொலியைக் கேட்டுக்கொண்டு நாம் நின்ற நேரம் எவ்வளவென்று சொல்லத் தெரியாது. கடைசியில் மூதூர்ப் பக்கம் போன முச்சக்கர வண்டியொன்று நின்றது. முன்பின் அறியாத அந்தச் சாரதி காசு வாங்காமலே எம்மை வைத்தியசாலை வாயிலில் இறக்கிவிட்டுப் போனார். பிள்ளை விடியுமுன் சுகமாக உறங்கினாள். நாம் உறங்கவில்லை.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு, தோப்பூரில் கராஜ் வைத்திருக்கும் நானாவிடம் போனோம். எம் தந்தையார் காலந்தொட்டு இவ்வண்டிக்கு வைத்தியர் அவரே. தாங்கியைக் கழற்றி, கருகிய வயர்க் கட்டைப் பார்த்தார். பிறகு உருகிப் பிடியைத் திறந்தார். வெள்ளித்தாள் பளபளவென்று, ஒரு குறையுமின்றி இருந்தது.

“சேர், உருகிறதுக்கெண்டு வெச்ச சாமானை உருகாமச் செஞ்சிட்டீங்க. அப்ப வேற என்ன உருகும்?” என்றார்.

நேயர்களே, உருகியைப் பற்றி நாம் இதுகாறும் வாசித்த எல்லாவற்றிலும் இவ்வொரு வினாவிலே கூடிய அறிவு அடங்கியிருக்கிறது. கம்பியொன்றில் மின்னோட்டம் பாயும்போது அது சூடேறும். ஓட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்காகும். வயரின் உறை எங்கேனும் தேய்ந்து, உள்ளேயுள்ள செம்பு வண்டியின் சட்டகத்தைத் தொட்டுவிட்டால் மின்னோட்டம் விளக்கிற்கோ ஹோனுக்கோ போகாமற் குறுக்கு வழியிற் பாயும். குறுஞ்சுற்று என்பது இதுவே. அவ்வேளையில் 5 அம்பியர் பாயவேண்டிய கம்பியில் 50, 100 அம்பியரைக்கூடப் பாய்ச்ச ஒரு சிறு பற்றரியாலும் முடியும். அவ்வளவு சூட்டிலே ஏதோவொன்று உருகியே தீரும். எது உருகவேண்டும், எங்கே உருகவேண்டும் என்பதை முன்கூட்டியே நிச்சயித்து வைப்பதுதான் உருகியின் தத்துவம். கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய கம்பி உருகினால் நட்டம் சில ரூபாய். அக்கம்பியின் இடத்தில் வெள்ளித்தாளோ ஆணியோ இருந்தால், அதனிலும் மெலிந்த பொருளாக வயரே ஆகிவிடும். அன்றிரவு புகை நின்ற காரணமும் அதுதான். பெற்றோற் தாங்கிக்குக் கீழே ஒரு வயர் தானே உருகியாகி, தன்னை அறுத்துக்கொண்டு, எம்மைக் காத்தது.

இத்தத்துவம் புதியதன்று. பிரான்சு தேசத்து பிறெகே என்பவர் 1847 ஆம் ஆண்டிலேயே, தந்தி நிலையங்களை இடி மின்னலிலிருந்து காப்பதற்கு, கம்பிவழியில் ஓரிடத்திலே மெல்லிய கம்பியை இடைவைக்கும்படி கூறினார். எடிசன் 1890 ஆம் ஆண்டிலே, வீடுகளுக்கும் தெருக்களுக்கும் மின்சாரம் வழங்கும் தம் முறையின் ஓர் அங்கமாக உருகிக் கட்டையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எம் பாட்டனார் காலத்து வீடுகளிலே சுவரில் இருந்த வெண்பீங்கான் உருகிகளை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றிலும் ஓரிழைக்குப் பதிலாக மூன்றிழை முறுக்கிப் போட்டு, ‘இனிப் போகாது’ என்று பெருமைப்பட்டவர்கள் இருந்தார்கள்.

ஆனால் எமது வண்டியின் உருகி ஏன் முதலில் மும்முறை போயிற்று? நானா எம்மை ஒரு கேள்வி கேட்டார்: “மூணு தரமும் ஹாண்டில எந்தப் பக்கம் திருப்பினீங்க?”

நாம் நினைத்துப் பார்த்தோம். கல்லூரி வாயில் வலப்புறம். எம் ஒழுங்கை வலப்புறம். சந்தியிலும் வலப்புறமே திரும்பினோம். வயலோரத்து வளைவும் அவ்வாறே. அவர் ஹாண்டிலை வலப்பக்கம் முழுதும் திருப்பி, கழுத்துப் பகுதியைக் காட்டினார். முன்விளக்குக்குப் போகும் வயர் அங்கே சட்டகத்தோடு உராய்ந்து, நாற்பது வருடத்து உறை தேய்ந்து, செம்பு வெளித்தெரிந்தது. ஆக, உருகி மும்முறை எம்மை அழைத்து ஒன்றைச் சொல்லியிருக்கிறது. நாம் அதன் வாயை வெள்ளித்தாளால் அடைத்துவிட்டோம். எழுத்துக்கு எழுத்து பொருள் தேடும் தமிழாசிரியருக்கு இது தலைகுனிவே.

கருகிய வயர்க் கட்டை மாற்றவேண்டியிருந்தபடியால், அதனோடு புதிய உருகிப் பெட்டியொன்றும் வைத்துவிடலாம் என்று நானா கூறினார். முப்பது நாற்பது வருடம் ஒரே உருகியோடு ஓடிய வண்டிக்குப் பெட்டி எதற்கு என்று நாம் கேட்டோம். இவ்வையம் நேயர்களுக்கும் எழுமாதலால், அவர் கூறிய விடையை எம் மொழியிலே தருகின்றோம்.

முதலாவது: ஒரே உருகி இருந்தால், எங்கே பழுது நேர்ந்தாலும் வண்டி முழுவதும் செத்துவிடும். பின்விளக்கு வயரிலே நீர் புகுந்த குற்றத்துக்கு முன்விளக்கும் எஞ்சினும் தண்டனை அனுபவிக்கும். இரவுப் பயணத்திலே திடீரென்று முன்விளக்கு அணைவது எத்தகைய ஆபத்து என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது: ஒரே உருகி, ‘ஏதோ பிழை’ என்று மட்டுமே சொல்லும். எங்கே என்று சொல்ல அதற்கு வழியில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வோர் உருகி இருந்தால், போன உருகியே பழுதிருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டும். எமக்கு அப்படியொரு பெட்டி இருந்திருந்தால், முன்விளக்கின் உருகி மும்முறை போயிருக்கும். நாமும் அந்த ஒரு வயரைத் தடவிப் பார்த்திருப்போம். மூன்றாவது: பழைய கண்ணாடி உருகியைப் பிடித்திருக்கும் தகட்டு வில்கள் நாளடைவில் தளர்ந்துபோகும். உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு ஏறும். தொடுகை கெட்டால் அவ்விடமே சூடேறி, வேறு பழுதில்லாமலும் உருகி போகும். 1976 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் லிற்றில்பியூஸ் நிறுவனம் புகுத்திய தட்டை உருகி, இரண்டு தகட்டுக் கால்களால் இறுகப் பொருந்துவது. அதிர்வுக்கு எளிதில் அசையாது. இன்று கார்களிலும் புதிய மோட்டார்ச் சைக்கிள்களிலும் இருப்பது இவ்வகையே. எந்த வாகன உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும்.

இனிக் கணக்கு. இது ஏழாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடியது. விளக்கில் எழுதியிருக்கும் வாற் எண்ணைப் பற்றரியின் வோல்ற் எண்ணால் வகுத்தால் அம்பியர் கிடைக்கும். எமது வண்டி 12 வோல்ற். முன்விளக்கு 35 வாற். அது ஏறத்தாழ 3 அம்பியர். பின்விளக்கு 5 வாற்றும் வேகமானியின் சிறுவிளக்கு 3 வாற்றும் சேர்ந்தாலும் 1 அம்பியருக்குக் குறைவு. பிறேக் விளக்கு 21 வாற். ஒரு பக்கத்துச் சிக்னல் விளக்குகள் இரண்டும் 20 வாற். ஹோன் சுமார் இரண்டரை அம்பியர். இம்மூன்றும் ஒருங்கே இயங்கினால் 6 அம்பியர். எஞ்சினுக்குப் பொறி தரும் சுருள் 4 அம்பியர் வரை கேட்கும். எல்லாம் கூடினால் 14 அம்பியருக்குச் சற்றுக் குறைவு.

உருகியின் அளவு, அவ்வழியில் வழமையாகப் பாயும் ஓட்டத்திலும் சற்றுக் கூடியதாக, ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு முதல் ஒன்றரை மடங்கு வரை இருக்கலாம். ஆயினும் அவ்வழியின் வயர் தாங்கும் அளவை அது தாண்டலாகாது. உருகி காப்பது வயரையே, விளக்கையன்று. இவ்விதியை மறந்து, ‘பெரிய உருகி போட்டால் நீடிக்கும்’ என்று எண்ணுவது, வெள்ளித்தாளுக்கு இளைய சகோதரனைக் கொண்டுவந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

அவ்விதிப்படி எமது வண்டியில் இப்பொழுது இருப்பன இவை: பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர்த் தலைமை உருகி. அங்கிருந்து சாவிக்குப் போய்த் திரும்பும் தடித்த வயர், செம்பின் குறுக்குப் பரப்பு 2 சதுர மில்லிமீற்றர். சாவியின் பின் ஆறு அறைகளுள்ள பெட்டி. அதில் எஞ்சினுக்கு 7.5, முன்விளக்குக்கு 5, பின்விளக்குக்கும் வேகமானிக்கும் 3, ஹோன், பிறேக், சிக்னல் மூன்றுக்கும் சேர்த்து 7.5. இக்கிளை வழிகளுக்கு 1 சதுர மில்லிமீற்றர் வயர் போதும். மீதி இரண்டு அறைகளும் வெறுமையாக இருக்கின்றன. பிற்காலத்தில் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் வசதியோ மேலதிக விளக்கோ வேண்டுமானால், அதற்கும் ஓர் உருகியோடு இங்கிருந்தே வழி எடுக்கலாம். இளைஞர் பலர் பற்றரியிலிருந்து நேரே வயர் இழுத்து, உருகி எதுவுமின்றி விளக்குகளைச் சோடிக்கின்றார்கள். அவர்களின் பெற்றோர் இப்பகுதியைக் கத்தரித்துக் கொடுப்பார்களாக.

தட்டை உருகிகளின் நிறமே அவற்றின் அளவைச் சொல்லும். 3 அம்பியர் ஊதா, 5 இளங்கபிலம், 7.5 கடுங்கபிலம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எழுத்தறியாதவரும் நிறம் பார்த்து மாற்றலாம். பழைய கண்ணாடி உருகிகளில் எண்ணை வாசிப்பதிலேயே ஒரு பொறி உண்டு. பீ.எஸ்.ஏ., ட்ரையம்ப் முதலிய பழைய ஆங்கில வண்டிகளின் உருகியில் 35 என்று இருந்தால், அது உருகும் அளவு. இடையறாது தாங்கக்கூடியது அதில் ஏறத்தாழ பாதியே. அவ்வெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு 35 அம்பியர் தாங்கும் புதுவகை உருகியைப் போடுவோர், காவற்காரனைத் தூங்கச் செய்கின்றார்கள்.

வேலையைத் தாமே செய்ய விரும்புவோருக்கு, நானாவின் அருகில் இரண்டு மாலைப் பொழுதுகள் குந்தியிருந்து நாம் கற்ற சில எச்சரிக்கைகள்:

எதையும் தொடுமுன் பற்றரியின் மறைமுனை வயரைக் கழற்றுக. வேலை முடிந்தபின் அதனையே கடைசியாகப் பூட்டுக. மறைமுனை சட்டகத்தோடு சேர்ந்திருக்கும் வண்டிகளுக்கே இவ்விதி. மேற்சொன்ன பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றிலே நேர்முனைதான் சட்டகத்தோடு சேர்ந்திருக்கும். அவற்றில் நேர்முனையை முதலிற் கழற்றவேண்டும். எது சட்டகத்தோடு சேர்ந்தது என்பதைக் கண்ணாற் கண்டபின்பே சாவியெடுக்க வேண்டும்.

வெட்டுமுன் வரைக. எந்த நிற வயர் எங்கிருந்து எங்கே போகின்றது என்று ஒரு கொப்பியிலே படம் வரைந்துகொள்ளல் நன்று. சில சிறிய வண்டிகளில் முன்விளக்கு பற்றரியிலிருந்து எரிவதில்லை. எஞ்சின் சுழலும்போது பிறக்கும் மின்சாரத்திலிருந்தே நேரே எரியும். எஞ்சின் ஓடும்போது மட்டும் முன்விளக்கு எரியுமாயின், வண்டி அவ்வகையினதாகலாம். அதன் விளக்கு வயரை ஆராயாமற் பெட்டியோடு இணைத்தல் ஆகாது.

வயர்களை முறுக்கி ரேப் சுற்றி விடுவது இணைப்பாகாது. ஈயம் பற்றவைத்தோ, உரிய குறட்டினால் முனைகளை நெரித்தோ பொருத்தி, சூடுபட்டாற் சுருங்கும் குழாயுறையால் மூடுதல் வேண்டும். கடற்காற்று வீசும் எம் போன்ற ஊர்களில், முனைகளிலே சிறிது வசிலீன் பூசுவது களிம்பைத் தடுக்கும். பெட்டியைப் பற்றரிக்கு நேர்மேலே வைத்தலாகாது. அமில ஆவி தகடுகளை அரிக்கும். வயர்கள் கீழ்ப்புறமாக இறங்கும்படி வைத்தால், மழைநீர் அவற்றின் வழியே பெட்டிக்குள் வடியாது. கழுத்துப் பகுதியிலே, ஹாண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடாமலும் உராயாமலும் தளர்வு விட்டுக் கட்டுதல் வேண்டும். எம்மைக் கெடுத்தது அவ்விடமே.

எல்லாவற்றுக்கும் மேலாக, மேலதிக உருகிகளைப் பெட்டியின் மூடிக்குள்ளேயே வைத்திருத்தல் வேண்டும். கைவசம் உருகி இல்லாத மனிதனே வெள்ளித்தாளைத் தேடுகிறான்.

பெட்டி பொருத்திய செலவு முழுவதும், எம் மகளின் ஒரு மாதத்து ரியூஷன் காசுக்குள் அடங்கியது. கருகிய வயர்க் கட்டை மாற்றிய செலவு அதைப்போல் ஐந்து மடங்கு. வெள்ளித்தாளை இலவசம் என்று நினைத்திருந்த எமக்கு இக்கணக்கு நன்றாக உறைத்தது.

பெட்டியின் பயனை நாம் அறியும் நாளும் விரைவில் வந்தது. தை மாதக் கடைசியில் ஒரு மாலை, திருகோணமலையிலிருந்து திரும்புகையில் பெருமழை பிடித்துக்கொண்டது. கிண்ணியாப் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் வந்ததும், சிக்னல் விளக்கும் ஹோனும் நின்றுபோயின. உடலெல்லாம் ஒருகணம் பதறிற்று. ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. முன்விளக்கு மழைக்குள்ளும் தெருவைக் காட்டிக்கொண்டேயிருந்தது. பின்விளக்கும் எரிந்தது. கையாற் சைகை காட்டி, மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தோம். மூடியைத் திறந்து பார்த்தால் நாலில் ஒன்று மட்டும் போயிருந்தது. அந்த வழியில் உள்ளவற்றை மட்டும் பார்த்தோம். பின்பக்கச் சிக்னல் விளக்கின் குமிழ்ப்பிடிக்குள் நீர் நின்றது. துடைத்து, உலர்த்தி, புதிய உருகியைப் போட்டோம். நானாவைத் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை.

இதனை எழுதும்போது, வீடுகளையும் நினையாதிருக்க முடியவில்லை. சுவரிலே ட்ரிப் சுவிட்சு அடிக்கடி விழுகிறதென்று அதனைக் கயிற்றாற் கட்டி வைத்த ஒரு வீட்டை நாம் நேரிலே கண்டிருக்கின்றோம். அடிக்கடி விழும் சுவிட்சும், அடிக்கடி போகும் உருகியும் தொல்லை தருவனதாம். ஆயினும் அத்தொல்லையின் பின்னே எங்கோ ஒரு வயர் தேய்ந்துகொண்டிருக்கிறது. முதலில் அதனைத் தேடுதலே முறை.

எம் மகள் இப்பொழுது சுகம். மூடிக்குள் இருக்கும் மேலதிக உருகிகளை நிறவாரியாக எண்ணி வைப்பது அவள் பொறுப்பு. சென்ற கிழமை ஒரு சொக்கிலேற்றைத் தின்று முடித்தவள், வெள்ளித்தாளை மேசையில் வைத்து நகத்தால் நீவி, மடிப்பெல்லாம் நீக்கி, தன் கொப்பிக்குள் வைத்தாள். பிறகு எம்மைத் திரும்பிப் பார்த்து, “அப்பா, இது வண்டிக்கு இல்ல, என்ன?” என்றாள்.

இல்லை என்று தலையசைத்தோம்.